மரத்துக்கு இந்தப் பக்கம் கொஞ்சம்

ஹெல்சிங்கியிலிருந்து நான் கொண்டுபோனவை:
முப்பத்தெட்டுப் பக்க வரைவு,
இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை,
நிரப்பாத ஒரு கட்டம்.

முன்மொழிவு எளிது.
ஒவ்வொரு பனிமான் கழுத்திலும் ஒளிரும் பட்டை.
இருட்டில் ஓட்டுநர் காண்பார், பிரேக்கை மிதிப்பார்,
மான் பிழைக்கும், பம்பரும் பிழைக்கும்.
விதி பிறக்குமுன் அதை எடைபோடுவது என் உத்தியோகம்.
"அம்மா இன்னும் இல்லாத ஒன்றுக்கு விலை போடுகிறாள்"
என்பான் என் மகன்.
அவ்வளவு தப்பில்லை.

பட்டை ஒன்று மூன்று யூரோ நாற்பது.
மாட்டுவதற்கு ஏழு நிமிடம்.
ஏழு எங்கிருந்து வந்தது?
போன அறிக்கையிலிருந்து.
அதற்கு?
அதற்கும் முந்தையதிலிருந்து.
அது கறவை மாடுகளைப் பற்றியது.

இனாரியில் டிசம்பர்.
பதினொரு மணிக்கு வானம் நீலமாய் ஒருமுறை கண் விழித்து
புரண்டு படுத்துக்கொள்கிறது.
நீல்லாஸ்-ஆந்தே காப்பி ஊற்றினார்,
உள்ளே பாலாடைக்கட்டித் துண்டு ஒன்றைப் போட்டார்.
நான் மடிக்கணினியைத் திறந்தேன்.
"உங்களிடம் மொத்தம் எத்தனை மான்?"

அவர் தங்கை பிர்ரெத் சட்டென்று
அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
விருந்துக்கு வந்தவள்
வீட்டுக்காரரின் வங்கிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள்
என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

"மரத்துக்கு இந்தப் பக்கம் கொஞ்சம்,
அந்தப் பக்கம் கொஞ்சம்"
என்றார் அவர், மரியாதையாக.

கட்டம் எண்ணை மட்டும் ஏற்கும்.
சிவப்பாய்ச் சிமிட்டியது.

"ஒரு மானைப் பிடிக்க எவ்வளவு நேரம் போட்டிருக்கிறாய்?"
சொன்னேன்.
எழுந்து சுருக்குக் கயிற்றை எடுத்தார்.

முதல் வீச்சு கொம்பில் பட்டு வழுக்கியது.
இரண்டாவது பனியை மட்டும் பிடித்தது.
மூன்றாவதற்குள் மந்தை இடம் மாறிவிட்டது,
நாங்களும் மாறினோம், முழங்கால்வரை.
என் விரல்கள் என்னுடையவை அல்லாமல் போயின.
ஒன்று சிக்கியபோது மணி பார்த்தேன்:
ஒன்றே முக்கால் மணி நேரம்.
பட்டையை மாட்டினார்.
நாலு தப்படி போய், முள்பிர்ச் ஒன்றில் கழுத்தைத் தேய்த்து
மான் அதைக் கழற்றிப் போட்டது.

ஏழு நிமிடத்தை நான் பதினைந்தாக்கினேன்.
அதற்குமேல் போனால் தலைப்பை மாற்றச் சொல்வார்கள்.

இரவு விமான நிலையத்துக்குத் தனியே ஓட்டினேன்.
என் வரைவில் "ஒன்றும் செய்யாமல் விடுதல்" என்றொரு வரிசை உண்டு,
முதல் வரிசை, எல்லா அறிக்கையிலும்.
செலவு: சுழியம்.
வளைவு தாண்டி அந்த வரிசை
நாலு காலில் சாலை நடுவே நின்றது.
பிரேக்.
கார் பக்கவாட்டில் கொஞ்சம் பேசியது, நின்றது.
மூச்சு ஆவி இரண்டு,
ஒன்று கண்ணாடிக்கு உள்ளே, ஒன்று வெளியே.
அதற்கு அவசரம் இல்லை.
என் இதயத்தின் மணிக்கூலி எவ்வளவு
என்று எந்த அட்டவணையிலும் இல்லை.

கட்டத்தில் பதிவேட்டு எண்ணைப் போட்டேன்,
நேர்மையாக, வேறு வழியில்லாமல்.
பதினான்காம் அடிக்குறிப்பில் எழுதினேன்:
"கலந்தாலோசிக்கப்பட்டவர் அளித்த எண்ணிக்கை,
மரத்தின் இரு பக்கமும்."

மூன்று வாரம் கழித்துச் சரிபார்ப்புக் குழுவிலிருந்து
ஓரக்குறிப்பு:
"எந்த மரம்? இனம், இருப்பிடம் குறிப்பிடவும்."

நீல்லாஸ்-ஆந்தேவைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.
சிரித்தார்.
பின்னால் பிர்ரெத்தும்.
எவ்வளவு நேரம் என்று
நான் குறித்துக்கொள்ளவில்லை.